நாடிக்காரர் தொட்ட மோட்டார்

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் கோழிக்கு வரும் நோய்க்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. நாடிக்காரருக்குத்தான் பயந்தார்கள்.

அவர் மோட்டார் மெக்கானிக். நாடி பார்ப்பது போல, ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். உதட்டைப் பிதுக்கினால் தீர்ந்தது, மூன்றாம் நாள் அது புகைந்துவிடும். மோட்டாரின் சூட்டை வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கைபட்டுத்தான் கருகுகிறது என்றே நம்பினோம். அவருடைய மொபெட் சத்தம் கேட்டால் மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடுவார்கள். ஒருவர் மோட்டாருக்கு வேப்பிலையே கட்டிவிட்டார்.

நான் அப்போது ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். வெயில் காலத்தில் கோழிகளுக்கு மேலே பனி மாதிரி தண்ணீர் தெளிக்க மூன்று குதிரைசக்தி மோட்டார் போதும். முதலாளி கௌரவத்துக்குப் பத்துக் குதிரைசக்தி மோட்டாராக வாங்கிப் போட்டிருந்தார். முழுசாகத் திறந்தால் குழாய் மூக்குகள் தெறித்துவிடும் என்று வால்வை முக்கால்வாசி மூடி வைத்திருந்தோம். பிரேக்கை மிதித்துக்கொண்டே லாரி ஓட்டுகிற கதைதான். நான்கு முறை கருகி, உள்ளே செம்புக் கம்பிக் காயிலை மாற்றிக் கட்டியாகிவிட்டது.

"கரண்டு மிச்சம் புடிக்கிற ஸ்டார் போட்ட மோட்டாரா வாங்குங்க" என்று நாடிக்காரர் நச்சரித்தார். அவர் வாயை அடைக்க, ஆபீஸ் ஃபிரிட்ஜிலிருந்த ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரை உரித்து மோட்டாரில் ஒட்டினேன்.

ஒரு சித்திரை மாதம், காலை பதினோரு மணிக்கு வந்தார். ஸ்டிக்கரை நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க, இதுல ஐஸ் எங்க வெக்கிறதுங்க?"

பிறகு கையை வைத்தார். முகம் மாறிவிட்டது. "மத்தியானம் தாண்டாதுங்க. சின்ன மோட்டார் ஒண்ணு வண்டியில வெச்சிருக்கறன். இப்பவே மாத்திக்கலாமுங்க."

அதை முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரோ, "அந்தக் கையை மொதல்ல கேட்டுக்கு அக்கட்டால தாட்டி உடு" என்றார். நானே வெளியே அனுப்பிக் கேட்டைப் பூட்டினேன். அவர் போகவில்லை. வெயிலில் மொபெட் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றரை மணிக்குக் கருகல் வாடை. தெளிப்பு நின்றது. பத்து நிமிஷத்தில் கொட்டகையில் சத்தமும் நின்றது. பத்தாயிரம் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, சத்தமில்லாமல் மூச்சு வாங்கின. அதைவிடப் பயங்கரமான அமைதியை நான் கேட்டதில்லை. கண்ணெதிரே இரண்டு சாய்ந்தன. முதலாளி கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் கேட்டுக்கு ஓடினேன்.

நாடிக்காரர் சின்ன மோட்டாரை வண்டியிலிருந்து ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். "ஒரு பக்கம் புடி சாமி" என்றார்.

கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டு, "வால்வை முழுசாத் தொறங்க" என்றார். எல்லாம் தெறித்துவிடுமோ என்று நான் தயங்கினேன். "பயப்படாதீங்க. இதுக்குத் தேவையான அளவு தண்ணி தள்ளத்தான் தெரியும்."

திறந்தேன். பனி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு கோழி கத்தியது. பிறகு நூறு. நான் அழுதேவிட்டேன்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன்: "வெரட்டினதுக்கப்புறமும் ஏனுங்க அங்கயே உக்காந்திருந்தீங்க?"

"நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. பூட்டும்போது உங்க கை நடுங்குச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன்பிறகு அந்த மனுஷன் வருகிற நாளெல்லாம் விடியும்போதே கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.