தாய்மாமன் படமும் விதி இருபத்திமூணும்

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.

மதுரையில் வக்கீலாக இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் வெற்றிசெல்வன் அவர்களுக்கு, குணசேகரன் வணங்கி எழுதுவது. தங்கள் தங்கை அமுதவல்லியும் பிள்ளைகளும் நலம். நான் நலமாக இல்லை.

இருபத்தைந்து வருடம் கட்சிக்கு உழைத்த வட்டச் செயலாளரான என்னை, அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாத்துலேருந்தும் நீக்கிட்டதா நேத்துக் கட்சிப் பத்திரிகையில போட்டுட்டாங்க மச்சான். காரணம் யாருங்கிறீங்க? நீங்கதான்! சின்னவ காதணி விழா ஃபிளெக்ஸ்ல தாய்மாமன்னு உங்க படத்தை ஆளுயரத்துக்குப் போட்டுட்டு, மாவட்டச் செயலாளரை அடியில ஸ்டாம்பு சைஸ்ல போட்டுட்டேனாம். உங்களைச் சின்னதாப் போட்டிருந்தா ஒங்க தங்கச்சி என்னைய வீட்டை விட்டுல்ல நீக்கியிருப்பா! இப்ப கரை வேட்டி கட்டக் கூடாதுங்கிறாங்க. எங்கிட்ட வேற வேட்டியே கிடையாது. காலையில ஒரு கல்யாணத்துக்குக் கைலியோட போயிட்டு வந்தேன், மானமே போச்சு.

போன்ல உங்களைக் கேட்டா, "அது கட்சி உள்விவகாரம், கோர்ட்டு எங்க மாப்ள அதுக்கெல்லாம் வரும்"னுட்டு காதுகுத்துப் பிரியாணியில உப்பு கம்மிங்கிறீங்க. அப்புறம் என்னத்துக்குய்யா விதின்னு புஸ்தகம் அடிக்கிறாய்ங்க? விதி இருபத்திமூணு, நீக்குறதுக்கு முன்னாடி விளக்கம் கேட்டுப் பதினஞ்சு நாள் தரணும்ங்குது. எனக்குப் பதினஞ்சு நிமிசம் தரலை. இங்கிட்டு வக்கீல் அடைக்கலமேரியம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க: கட்சி விதி, உறுப்பினருங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட ஒப்பந்தம் மாதிரியாம். யாருக்குப் பதவின்னு கோர்ட்டு சொல்லாது, ஆனா சொந்த விதியையே மீறி நீக்குனா உறுப்பினர் போய்க் கேக்கலாமாம். உறுப்பினர் அட்டையை மட்டும் எடுத்துட்டு வாங்கன்னாங்க. வெசாழக்கெழமை கேஸ் போடுறோம். நீங்களும் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து பக்கத்துல நில்லுங்க.

தங்கச்சி திலகவதிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசியும். எல்லாரும் எந்தக் கட்சியிலும் சேராமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வட்டச் செயலாளர் (கோர்ட்டு சொல்லும்வரை)
குணசேகரன்

பி.கு.: அட்டையைத் தேடிப் பரணையே கவுத்துட்டேன் மச்சான். முந்நூறு பேரைச் சேர்க்கணும்னு மாவட்டம் உயிரை எடுத்தப்ப, வாக்காளர் பட்டியலைப் பார்த்து நான்தான் உக்காந்து ஃபாரம் எழுதுனேன். அமுதவல்லிக்கு அட்டை இருக்கு. கட்சியே பிடிக்காத உங்களுக்கு இருக்கு. ஏழு வருசத்துக்கு முன்னாடி காலமான உங்கப்பா பிச்சை மாமாவுக்கும் இருக்கு. எழுதுறவன் நானாச்சே, எனக்கெதுக்குன்னு என் ஃபாரத்தை மட்டும் நான் எந்த வருசமும் எழுதவே இல்லை. கேஸ் போட உங்களுக்கு உரிமை இருக்கு, மாமாவுக்குக்கூட இருக்கு. இத்தனை வருசமா நான் யாருங்க மச்சான்?