உளவுக்காரிக்கு ஒரு நீளக் கோட்டு

அந்தப் புத்தகத்தை ஒழித்துக்கட்டாமல் ஓய்வதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது சபதம் செய்தேன்.

நான் தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. மனைவிக்கு நூலகத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊரார் இடுப்பை அளந்தே ஓடிவிடும். ஏழாவது நாள் மதியம் மூன்று மணிக்கு ஹால் சோபாவில் காலை நீட்டி மேட்ச் பார்ப்பேன். என் ஆயுளில் எனக்கென்று இருந்தது அந்த மூன்று மணி நேரமும், ஒரு ரிமோட்டும்தான். டிவியின் பொத்தான்கள் செத்து வெகுகாலம் ஆகிறது. ரிமோட் இருந்தால்தான் அதற்கு உயிர்.

இந்த ராஜ்ஜியத்தைத்தான் 'சாம்பல் கோட்டை உளவுக்காரி' பிடித்துக்கொண்டாள்.

கதை இதுதான். பதினெட்டு வயதுப் பெண். நிழலுக்குள் புகுந்து மறையும் வித்தை தெரிந்தவள். எதிரிக் கோட்டைக்குள் உளவு பார்க்கப் போகிறாள். அங்கே ஒரு இளவரசன். அப்புறம் என்ன, நானூறு பக்கம். இதைப் பேசித் தீர்க்க ஞாயிறுதோறும் மூன்று பேர் என் சோபாவில் கூடினார்கள்: என் மனைவி, மச்சினி, எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர்.

"அவ கையில கத்தி இருக்குன்னு தெரிஞ்சும் முதுகைக் காட்டிட்டு நின்னான் பாருக்கா!" மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும்தான் தினமும் உங்க அக்காவுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன்," என்றேன்.

"அத்தான், நீங்க மெஷினைப் பாத்து உக்காந்திருக்கீங்க. அவன் காதலுக்காக நின்னான்."

"குளிருதுன்னு சொன்னதும் தன் கோட்டைக் கழட்டிக் கொடுத்தானே, அதைச் சொல்லு," என்றாள் மனைவி.

"கோட்டையையா? அவங்க அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"போட்டிருந்த கோட்டுங்க! நம்ம வீட்லயும் ஒரு கோட்டுத் துணி இருக்கு. ரெண்டு வருஷமா அடித்தட்டுல தூங்குது."

"ஊருக்குத் தைச்சு முடிச்சதும் அடுத்தது உனக்குத்தாம்மா."

"ஊரு எப்ப முடியும்?"

டீச்சர் சிரித்தார். என் மனைவி இளவரசனை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் எனக்காக அப்படி ஒரு பெருமூச்சு வந்ததில்லை. மறைப்பானேன், எனக்குப் பொறாமை. அதுவும் காகிதத்தில் இருக்கிற ஒருவன் மேல்.

மனைவியின் நூலகத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு நீளத் தாள் ஒட்டியிருப்பார்கள். படித்தவர்கள் கருத்து எழுதலாம், புனைபெயரிலும் எழுதலாம். மோசம் என்று ஐந்து பேர் எழுதிவிட்டால் புத்தகம் மேல்தட்டுக்குப் போய்விடும். ஏணி போட்டு அதை யாரும் எடுப்பதில்லை. என் திட்டம் புரிந்திருக்கும்.

வெள்ளி மாலை புத்தகம் மனைவியின் பையில் வீட்டுக்கு வரும், திங்களன்று திரும்பிப் போகும். சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் எடுத்தேன். கையெழுத்து காட்டிக்கொடுக்காமலிருக்க இடது கையால் பேனாவைப் பிடித்தேன். 'மகா மட்டம்' என்று இரண்டே வார்த்தை எழுதத்தான் நினைத்தேன். கெட்ட நேரம், எண்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்துவிட்டேன். ரத்தம் கொதித்தது.

'மகா மட்டம்! இளவரசன் குளித்துவிட்டு வருவதற்குள் உளவுக்காரி அவன் கோட்டு லைனிங்கைப் பிரித்து, வரைபடத்தை உள்ளே வைத்து, மறுபடி தைத்துவிட்டாளாம். கைத்தையல் என்றால் சும்மாவா? தடம் தெரியாமல் பிரிக்கவே நாற்பது நிமிடம் ஆகும். ஆசிரியர் ஊசியைக் கண்ணால் கண்டதுண்டா? இப்படிக்கு, கனவுக்காரி, வயது 17.'

கீழே மூன்று இதயம் வரைந்தேன். பதினேழு வயது இல்லையா.

அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கடியில் ஒரு பதில் இருந்தது. கோழி கிளறின எழுத்து. 'கனவுக்காரித் தங்கையே, நாற்பது நிமிடக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களா? இப்படிக்கு, சந்தேகப்பிராணி.'

யாரைப் பார்த்து என்ன கேள்வி! ரகசியப் பை எங்கே வைக்க வேண்டும், நடக்கும்போது துணி சரசரக்காமல் இருக்க எப்படி வெட்ட வேண்டும் என்று அரைப் பக்கம் வெளுத்து வாங்கினேன். அதற்கு ஒரு பதில். பதிலுக்கு ஒரு பதில். இடையிடையே ஊரில் உள்ளவர்களெல்லாம் கட்சி பிரிந்து எழுத ஆரம்பித்தார்கள். தாள் நிரம்பி, கீழே இன்னொரு தாள் ஒட்டினார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி ஒரு நாள் சாப்பிடும்போது. "எவளோ ஒரு சின்னப் பொண்ணு எழுதற சண்டையைப் படிக்கறதுக்காகவே அந்தப் புத்தகத்துக்குப் பத்தொன்பது பேர் காத்திருக்காங்க."

ரசக் கிண்ணத்தை அவசரமாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"யாராம் அந்தப் பொண்ணு?"

"யாருக்குத் தெரியும்? நல்லா விவரமான பொண்ணு. வீட்ல தையல் வேலை நடக்கும் போலிருக்கு."

அந்த வாரம் சந்தேகப்பிராணி சவாலே விட்டுவிட்டது. 'வாய்ப்பேச்சு போதும். உளவுக்காரிக்கு ரகசியப் பையோடு ஒரு கோட்டு தைத்து, நூலக வாசலில் புத்தகம் திருப்பித் தரும் திருப்புப் பெட்டியில் போடு. பொருந்திவிட்டால் புத்தகம் மட்டம் என்று நானும் எழுதுகிறேன், இன்னும் மூன்று பேரையும் எழுத வைக்கிறேன்.' கூடவே அளவு. நீளம் நாற்பத்திரண்டு. தோள் பதினாலு. இடது தோள் மட்டும் அரை இஞ்ச் இறக்கம்.

அரை இஞ்ச் இறக்கம்! அசந்துபோனேன். வருஷக்கணக்கில் ஒரே தோளில் பாரம் சுமப்பவர்களுக்கு அப்படித்தான் இறங்கும். உளவுக்காரி வாள் சுமப்பாள் போலிருக்கிறது. எழுதிய ஆசிரியருக்கே இவ்வளவு தெரிந்திருக்காது. எதிராளிக்குக் கண் இருக்கிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எல்லாம் சரி, துணி? பார்வை தானாக அடித்தட்டுக்குப் போனது. கருநீலக் கம்பளித் துணி. இரண்டு வருஷமாகிவிட்டது, மறந்திருப்பாள். அவள் நூலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து நாலு நாளில் தைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் அப்படி ஒன்றைத் தைத்ததில்லை. ரகசியப் பை அதைத் தைத்த கைக்கே தட்டுப்படவில்லை. வெள்ளிக்கிழமை பொட்டலம் கட்டித் திருப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே திரும்பினேன்.

ஞாயிறன்று இறுதிப் போட்டி. அவசரமாகக் கேட்ட ஒரு பேன்ட்டை முடித்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன். ஆட்டம் முடிய இன்னும் அரை மணிதான் பாக்கி. சோபாவில் மச்சினி. பக்கத்தில் டீச்சர். உள்ளறையிலிருந்து மனைவி வந்தாள்.

அந்தக் கோட்டில்.

அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அழகாக இருந்தாள். வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

"எப்படிங்க இருக்கு?"

"ஏ... ஏது இது?"

"நூலகத்துக்கு வர்ற ஒரு பொண்ணு தைச்சுக் கொடுத்தா. பதினேழு வயசுதான். என்ன கைவேலை பாருங்க!"

"தோள்கூட எப்படிப் பொருந்துதுக்கா!" என்றாள் மச்சினி. "இடது பக்கம் கொஞ்சமும் தூக்கல."

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நூலகப் பையைப் பார்த்தேன். இருபது வருஷமாக அதை அவள் இடது தோளில்தான் மாட்டிக்கொண்டு போகிறாள். ஊரில் எல்லார் தோளும் எனக்கு மனப்பாடம். இந்தத் தோளை நான் அளந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

"அந்தச் சந்தேகப்பிராணி..."

"ஏன், நீங்க மட்டும்தான் இடது கையால எழுதுவீங்களா?"

டீச்சர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நாப்பது நிமிஷம்னு படிச்சதுமே தெரியும். அந்த இளவரசனுக்கும் முதல் பக்கத்துலயே தெரியும், அவ உளவுக்காரின்னு. தனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா அவ போயிடுவாளேன்னு பேசாம இருந்தான்."

"நீ?"

"எனக்குக் கோட்டு வரட்டும்னு பேசாம இருந்தேன்."

"சரி தாயே, தோத்தேன். நல்லாத்தான் இருக்கே நீ. அந்தக் கடைசி அரை மணியையாவது பாக்கறேன். ரிமோட் எங்க?"

அவள் கோட்டின் இடது பக்கத்தை மெல்லத் தட்டிக் காட்டினாள்.

"ரகசியப் பையில. கீழ விழுந்துடக் கூடாதேன்னு வாயையும் தைச்சுட்டேன். தடம் தெரியாம பிரிச்சு எடுத்துக்கோங்க, நாப்பது நிமிஷம்தானே?"