பன்னிரண்டு வயிறு, மூன்று சாம்பார்

முதல் வேனிலிருந்து சாம்பார் அண்டா இறங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வேன் கேட்டில் ஹாரன் அடித்தது. வளர்மதி ஓடிப்போய் அதில் வந்தவரை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

வேப்பந்தட்டையில் அவள் நடத்தும் சன்மார்க்க முதியோர் இல்லத்தில் அடுப்பு ஒருநாளும் அணையக்கூடாது. ஆனால் இரண்டு மாதமாக அன்னதானத்துக்கு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அரிசியும் நேற்றோடு தீர்ந்தது. அதனால் மகாளய அமாவாசைக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம் என்று மூன்று பேர் தனித்தனியாக போன் செய்தபோது, ஒருவராவது வந்தால் சரி என்று மூவரையும் "வாங்க" என்றுவிட்டாள்.

மூவருமே வந்துவிட்டால்? பெரியவர்கள் வயிறாரச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் போடுகிறவருக்குத் திருப்தி. ஒருவர் முகம் சுளித்தாலும் இனி இந்தப் பக்கம் வரமாட்டார்.

அடுத்த சாப்பாட்டுக்கென்று ஆறு பேரைப் பின்னறையில் ஒளித்துவிட்டு, ஆறு பேரை இலையில் உட்காரவைத்தாள்.

முதலில் வந்த தங்கராசு எண்ணிப் பார்த்தார். "பன்னெண்டு பேருன்னீங்களேம்மா?"

"மத்தவங்க கண் செக்கப்புக்கு பெரம்பலூர் போயிருக்காங்க சார்."

"அதனால என்ன? வரட்டும், இருந்து பரிமாறிட்டே போறேன்."

வேறு வழி? ஒளிந்திருந்த ஆறு பேரும் கொல்லைப்புறமாகச் சுற்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசல்வழியே வந்தார்கள். பன்னிரண்டு வயிறும் முட்ட நிறைந்தது.

அதுவரை ஆபீஸ் அறையில் மோர் குடித்துக்கொண்டிருந்த இரண்டாவது வேன்காரர் அரியமுத்து, வடை பாயசத்தோடு அடுத்த பந்தியைத் தொடங்கினார். ஒரு கையும் சோற்றைத் தொடவில்லை.

"ஒரே ஒரு வாய் பெரிம்மா," என்று கெஞ்சினாள் வளர்மதி.

"ஒரு வாய் வைக்க எடம் இருந்தா மூச்சு விட்டுக்கமாட்டனா?" என்றாள் சின்னம்மாள்.

அரியமுத்துக்குக் கண் கலங்கியது. "சோத்தக் கண்டு எத்தன நாளாச்சோ, உள்ள எறங்கமாட்டேங்குது பாவம்!" என்று ஒவ்வொருவருக்கும் தானே ஊட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

மூன்றாவதாக அரியலூர் புஷ்பவல்லி வந்தபோது பன்னிரண்டு பேரும் கூடத்தில் மல்லாந்து கிடந்தார்கள்.

"என்னங்க ஆச்சு இவங்களுக்கு?"

"தியானம்ங்க. ஜோதி தியானம்."

"படுத்துக்கிட்டா?"

"வயசானவங்கல்ல!"

"அப்ப முடியட்டும். நானும் உக்காந்துக்கிறேன்." புஷ்பவல்லி சம்மணம் போட்டுக் கண்ணை மூடினாள்.

கூடம் நிசப்தமானது. அப்போது சின்னம்மாளிடமிருந்து கிளம்பியது ஓர் ஏப்பம். ஜன்னல் கதவே அதிர்ந்தது.

வளர்மதி செத்தாள். புஷ்பவல்லியோ விழுந்து கும்பிட்டாள். "சாப்பிடாமலே ஏப்பமா! ஜோதியே வயித்த நெறச்சிடுச்சே! அண்டா இருக்கட்டும்மா, ராத்திரிக்குப் போடுங்க. இனி மாசாமாசம் அமாவாசை எங்களுதுதான்."

அவள் போனதும் வளர்மதி விளக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஜோதியே, ஒண்ணு கேட்டேன், மூணா குடுத்துட்டீங்களே!"

வாசலில் மறுபடி ஹாரன்.

போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்ற செல்லக்கண்ணு, மகனுக்கு எழுதணும் என்று போன வாரம்தான் அவளிடம் கைநிறைய கார்டு வாங்கிக்கொண்டவர், படுத்த வாக்கில் ஜன்னல்வழியே எட்டிப் பார்த்தார்.

"இது நாலாவதும்மா. நான் சோறு கேட்டுப் போட்டது ஏழு கார்டு."