பென் டிரைவின் பணிமூப்பு

ஒரு காட்டில், மாலை நாலு மணிக்கு, ஒன்பதாவது முறையாக, சிலம்பாயி என்கிற முள்ளம்பன்றி தன் லேப்டாப்பை அணைத்துப் போட்டது. ஐந்து மணிக்குள் வளை ஒதுக்கீட்டு விண்ணப்பம் போயாக வேண்டும். தவறினால் மழைக்காலம் முழுக்க இரண்டு குட்டிகளோடு வெட்டவெளிதான். பழைய சிஸ்டத்தில் அந்தப் படிவம் திறக்காது. புதிய சிஸ்டம் பென் டிரைவில் தயாராக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பழையதே எழுந்து வந்து நல்வரவு சொன்னது.

லேப்டாப் பழுது பார்க்கும் கீரி தங்கப்பழம் வந்து பார்த்தது.

"கோளாறு ஒண்ணுமில்லக்கா. எது முதல்ல எழும்பணும்னு உள்ள ஒரு வரிசை இருக்கு. ஹார்டு டிஸ்க் முதல்ல, பென் டிரைவ் கடைசியில. மாத்தினா முடிஞ்சுது."

"அப்போ மாத்தித் தொலையேன், மணி ஆகுது!"

"பாஸ்வேர்டு யானை ஐயாகிட்டல்லா இருக்கு."

அந்தக் காட்டு வழக்கம் அப்படி. குளத்தில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று ஒருமுறை அடிதடி ஆனதிலிருந்து, எந்த வரிசையானாலும் மூப்புப்படிதான். மாற்ற வேண்டுமென்றால், வளை ஒதுக்கீடு உட்பட எல்லா வரிசைக்கும் அதிகாரியான யானை சம்மதிக்க வேண்டும்.

இரண்டும் லேப்டாப்போடு யானையின் அலுவலகத்துக்கு ஓடின.

"ஹார்டு டிஸ்க்குக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?" என்றது யானை.

"எட்டு வருஷம், ஐயா."

"பென் டிரைவுக்கு?"

"நேத்துதான் வாங்கினேன்."

"நேத்து வந்தவரை எட்டு வருஷக்காரருக்கு முன்னால நிறுத்தச் சொல்றியா? நாளைக்கு எலி வந்து எனக்கு முன்னாடி தண்ணி குடிக்கும்."

"அதுக்கு உசிரே கிடையாதே, ஐயா!"

"இந்த ஆபீஸ்ல பாதிப் பேருக்குக் கிடையாது. சர்வீஸ் இருக்குல்ல?"

"அப்போ பென் டிரைவ் எப்பதான் முன்னாடி வரும்?"

"முன்னால இருக்கிறவர் ஓய்வு பெறணும்."

மணி நாலு ஐம்பது. சிலம்பாயி லேப்டாப்பைக் கவிழ்த்தது. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கித் திருகாணிகளைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை உருவி, யானையின் மேசைமேல் வைத்தது.

"ஓய்வு குடுத்தாச்சு."

முன்னால் யாரும் இல்லாததால் பென் டிரைவ் எழுந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. "அக்கான்னா அக்காதான்!" என்று கீரி குதித்தது. இரண்டும் வீடு திரும்பின.

யானை ஹார்டு டிஸ்க்கைத் துதிக்கையால் புரட்டிப் பார்த்தது. "எட்டு வருஷம் உழைச்சவர். இப்ப ஒதுங்க இடமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஒரு படிவத்தை எடுத்தது.

அக்டோபர் 14 அன்று, காட்டில் காலியாக இருந்த ஒரே வளை, பணிமூப்பின் அடிப்படையில், ஹார்டு டிஸ்க்குக்கு ஒதுக்கப்பட்டது.

நீதி: முன்னால் நிற்பவரைக் கழற்றிவிட்டு முன்னேறலாம், கழற்றியதை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வரக் கூடாது.