கிழக்கிலிருந்து வராத பாகம்

"இன்னும் குடும்பம் நடத்திட்டுத்தான் இருக்கு," என்றான் நெவில், கனோலா எண்ணெய்ச்செடியின் இலையை மனைவியிடம் திருப்பிக் காட்டி. மருந்தடித்தும் இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன.

போன வருடம் வறட்சி. இந்த விளைச்சலும் போனால் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்க வேண்டியதுதான். பயந்தவன் கை சும்மா இருக்குமா?

அவன் மனைவி கிளெனிஸுக்குப் பூச்சி ஆய்வகத்தில் வேலை. வயலிலிருந்து கொஞ்சம் அசுவினிகளைக் கொண்டுபோய், நசுக்கி, நொதி இருந்தால் கறுக்கும் சாயம் விட்டுப் பார்த்தாள். எல்லாம் கன்னங்கரேலென்று கறுத்தன.

"உடம்பு பூரா நொதி, நெவ். நீ ஊத்துற விஷத்தைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுச் செரிச்சிடுது. அடிக்க அடிக்க, செரிக்கத் தெரியாததுதான் சாகும். தெரிஞ்சது குட்டி போடும்."

"அப்ப ரெண்டு பங்கா அடிக்கிறேன்."

அடித்தான். பொறிவண்டுகள் செத்து விழுந்தன. தின்ன ஆளில்லாமல் அசுவினிகள் இன்னும் பெருகின. வேறு டப்பா வாங்கினான்.

"பேருதான் வேற. உள்ள அதே சரக்கு," என்றாள் கிளெனிஸ். "கொஞ்ச நாள் கையைக் கட்டிட்டு இரு. குளவி வந்து இதுகளைப் பாத்துக்கும்."

"குளவியை நம்பி விவசாயமா? உனக்கென்ன, மாசச் சம்பளம்."

மறுநாள் நெவில் தெளிப்பானை ஓட்டினால், பம்ப்பு வெறும் காற்றைத் துப்பியது. மெக்கானிக் டட்லியிடம் இழுத்துப் போனான்.

"பம்ப்புக்கு ஒரு பாகம் கிழக்குக் கரையிலேர்ந்து வரணும்," என்றான் டட்லி.

தினம் போன்.

"கப்பல்லயா வருது?"

"ஒட்டகத்துல."

நெவில் வயல் பக்கம் போகவே பயந்தான். ஒருநாள் மனசு கேட்காமல் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அசுவினிகள் பழுப்பாக உப்பி, முதுகில் ஓட்டையோடு வெறும் கூடாகக் கிடந்தன. குட்டிக் குளவிகள் உள்ளே முட்டையிட்டு வேலையை முடித்திருந்தன. பொறிவண்டுகளும் திரும்பியிருந்தன. செடியெல்லாம் காய். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மருந்துடா?" என்று பக்கத்து வயல்காரர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள்.

"அது ஒரு புது முறை," என்றான், கூசாமல்.

ஆனாலும் நன்றி மறக்கக் கூடாதல்லவா? ஒரு பெட்டி பீரோடு டட்லியிடம் போனான்.

"உன் சோம்பேறித்தனம்தான் என் நிலத்தைக் காப்பாத்துச்சு. பிடி."

டட்லி பெட்டியைத் திருப்பித் தள்ளினான்.

"இதைக் கிளெனிஸுக்குக் குடு. பம்ப்புக்கு ஒண்ணுமே இல்ல, குழாயைக் கழட்டி விட்டதே அவதான். காய் பிடிக்கிற வரைக்கும் பாகம் வரக் கூடாதுன்னு எனக்கு அப்பவே ஒரு பெட்டி குடுத்துட்டா."