பொறி மெஷினும் தேவைச் சான்றும்

ஒரு தெருவுக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் பம்ப் ஓட வேண்டும். பம்ப் ஓட வேண்டுமானால் அதன் போல்ட் முழுசாக இருக்க வேண்டும். இது சகலரும் ஏற்றுக்கொண்ட உண்மை. எங்கள் தெருப் பம்பில் ஒரு போல்ட் உள்ளேயே முறிந்துபோனது. அதைக் குடைந்தெடுக்க விட்ட டிரில் முனையும் துணைக்கு உள்ளேயே முறிந்து உட்கார்ந்துகொண்டது. அது கெட்டி எஃகு, எந்த அரமும் அதன் மேல் பல் பதிக்காது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மூக்கே விளக்கிவிடும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. பழைய டிவியின் வயிற்றைக் கிழித்து, ஓடாத பிரிண்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றி, ஒரு மெஷின் செய்தார். நான் துணி ஊறவைக்கிற தொட்டியில் மண்ணெண்ணெய். அதற்குள், முனை சிக்கிய பம்பின் பாகம். அதன் மேல் ஒரு பித்தளைக் குச்சி. குச்சி இரும்பைத் தொடாது. மயிரிழை தள்ளி நின்று பொறியாகக் கக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்பைத் துளித்துளியாய் அரிக்கும்.

"கரையான் மாதிரி," என்றார் பெருமையாக.

"கரையான் என் தொட்டியைக் கேக்காது," என்றேன்.

ஆனால் கரையான் ஜெயித்தது. முறிந்த முனை கறுப்புச் சேறாகிக் கரைந்தது. புது போல்ட் போட்டார்கள், பம்ப் ஓடியது, தெரு குளித்தது. அன்றிலிருந்து ஆளாளுக்கு எதையாவது சிக்கவைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

மாடி வீட்டுக்காரருக்கு மட்டும், மெஷின் ஓடினால் ரேடியோ கரகரத்தது. அந்தப் பம்புத் தண்ணீரில் குளித்த ஈரத் தலையோடு போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார்.

அதிகாரி வந்தார். சர்க்கரை குறைவாகக் காப்பி கேட்ட நல்ல மனிதர்.

"இது என்ன மெஷின்?"

"இரும்பை வெட்டும் சார்."

"பிளேடு எங்கே?"

"பிளேடு கிடையாது சார். தொடாமலே வெட்டும்."

"தொடாம வெட்டுறதுக்குப் பேரு வதந்தி," என்றார் அதிகாரி. "சரி, இதுக்கு என்ன தேவை?"

"பம்புல டிரில் முனை மாட்டிக்கிச்சு சார். இதை வச்சுத்தான் எடுத்தேன்."

"காட்டுங்க."

"எடுத்துட்டேனே சார். தண்ணி வருது பாருங்க."

"தண்ணி வருதுன்னா தேவை இல்லையே."

"தண்ணி வர்றதே இந்த மெஷினாலதான் சார்."

"அப்ப தேவை தீர்ந்துபோச்சு. தேவை தீர்ந்த மெஷினை வீட்டுல வச்சிருந்தா அதுக்குப் பேரு பதுக்கல். எடுத்துட்டுப் போகவேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. என் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கேட்டிருந்தால்கூட அப்படித் தொங்கியிருக்காது. தெருவும் பதறியது. எல்லார் வீட்டிலும் சிக்கிய சாமான் பாக்கி இருந்தது. மாடி வீட்டுக்காரரே முன்னால் வந்தார்.

"நான் ரேடியோ கரகரப்புக்குத்தான் புகார் கொடுத்தேன். மெஷினைத் தூக்கச் சொல்லலை. சார், தேவையைக் கண்ணால பாத்தா விட்டுடுவீங்களா?"

"பாத்ததை எழுதுறதுதானே என் வேலை."

"அப்ப பழைய நிலைமைக்குக் கொண்டுவந்து காட்டிட்டாப் போச்சு."

யோசனை நியாயமாகத்தான் இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை. நன்றாக இருக்கிற போல்ட்டை முறிப்பது, முறிந்ததை எடுப்பதைவிடக் கஷ்டம். தெரு ஆம்பளைகள் எங்கள் வீட்டுப் பெரிய ஸ்பேனரை வைத்து முறை போட்டு முறுக்கினார்கள். நான் டார்ச் பிடித்தேன். போல்ட் முறிந்தது.

"டிரில்லும் முறியணும்," என்றார் அதிகாரி. "அரைகுறைத் தேவையை நான் எழுத மாட்டேன்."

டிரில்லும் முறிந்தது. குழாய்கள் ஒருமுறை கொட்டாவி விட்டு ஓய்ந்தன. தெரு கைதட்டியது. அதிகாரி அங்கேயே நின்று சான்று எழுதிக் கொடுத்தார்: "மேற்படி இயந்திரம் இத்தெருவின் நல்வாழ்வுக்கு இன்றியமையாதது என்பது நேரில் கண்டு ஐயமற உறுதி செய்யப்பட்டது." பிறகு பையிலிருந்து அரக்கை எடுத்து மெஷினுக்குச் சீல் வைத்தார்.

"ஏன் சார் சீல்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தேவை உறுதியாயிடுச்சு. அனுமதி இன்னும் வரலையே. அனுமதி இல்லாத மெஷினை ஓட்டலாமா, நீங்களே சொல்லுங்க."

"அனுமதி எப்ப சார் வரும்?"

"கவலைப்படாதீங்க. தேவை இருக்கிற வரைக்கும் பரிசீலனையில இருக்கும்."

சான்றைக் கண்ணாடி போட்டு பம்ப் ரூம் சுவரில் மாட்டியிருக்கிறோம். தண்ணீருக்குப் பக்கத்துத் தெருப் பம்புக்குப் போகிறோம். அவர்கள் நல்லவர்கள், முகம் சுளிக்காமல் விடுகிறார்கள். ஆனால் எங்கள் சான்றை வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் பம்ப் ஒருநாளும் கெட்டதில்லை. அப்புறம் சான்று எங்கிருந்து வரும்?

இன்று காலை அங்கே நான் குடம் நிறைத்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருத் தையல்காரம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுப் பெரிய ஸ்பேனரைக் கொஞ்சம் தர முடியுமா? நாளைக்கு எங்க தெருவுக்கும் அதிகாரி வர்றாராம்."

அக்கம்பக்கத்தில் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. பாதி நிறைந்த குடத்தை அவர்கள் குழாயடியிலேயே இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன்.