சிவப்பை அழிக்கப் போய்ச் சீனி குறைந்த கதை

என் போன்றவர்கள் கையில் அளவுகோலைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எதையாவது வெட்டத் தோன்றும்.

அக்குறணையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். என் தகுதிகாண் காலத்தின் கடைசி வாரம். வேலை நிரந்தரமா இல்லையா என்பது திங்கட்கிழமை தெரியும். ஊர்க் கடைகளில் சரக்குக் குறைந்தால், எங்கள் நிரல் மதியம் பன்னிரண்டரைக்குக் கடை முதலாளிக்குப் போன் எடுத்துச் சொல்லும். (பதிவு செய்த குரல் என்னுடையது. அதில் எனக்குப் பெருமை வேறு.)

நல்ல பெயர் வாங்க நினைத்து, நிரலின் சிக்கலை அளக்கும் கருவி ஒன்றை ஓட்டினேன். 'இப்படியானால் இதைச் செய்' என்று நிரல் கிளை பிரியும் ஒவ்வோர் இடத்துக்கும் அது ஒரு புள்ளி ஏற்றும். புள்ளி கூடினால் சிவப்பு. அழைப்பு நேரத்தைத் தீர்மானிக்கும் பகுதி செக்கச் சிவப்பாக இருந்தது. எழுதியவர் எங்கள் மூத்தவர் றிஸ்வி நானா. பிரித்துப் பிரித்துப் பார்த்தும் ஒரு புள்ளி மிஞ்சியது. 'நாள் ஐந்து என்றால் இரண்டு மணிவரை பொறு' என்று, விளக்கமே இல்லாத ஒரு வரி. ஒருவரையும் கேட்காமல் வெட்டினேன். பச்சை வந்தது. அன்றே சோதித்தேன், எல்லாம் சரி. (அன்று வியாழன். நிரலின் கணக்கில் நாள் நான்கு.)

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கடை வைத்திருக்கும் என் வாப்பாவோடு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகைக்கு முந்திய குத்பா உரை நடக்கையில் ஒரு போன் அடித்தது. பிறகு முன்வரிசை முழுக்க அடித்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அழைப்பு அந்நேரம் வந்ததே இல்லை என்பதால் கடைக்காரர்கள் போனின் சத்தத்தை நிறுத்திப் பழகவில்லை. வாப்பா பதறி எதையோ அமுக்க, ஸ்பீக்கரில் என் குரல் பள்ளி முழுக்கக் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடையில் சீனி குறைந்துவிட்டது."

குத்பாவின்போது பேசக் கூடாது. அடுத்தவரைப் 'பேசாதே' என்று சொல்லவும் கூடாது. ஆகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் செத்தேன்.

வெளியே றிஸ்வி நானா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்.

"நாள் அஞ்சு என்ன நாளென்டு யோசிக்கல்லயா தம்பி? நீங்களும் பள்ளிக்கி வார ஆள்தானே?"

புள்ளியைத்தான் பார்த்தேன் என்றேன்.

திங்கட்கிழமை என் தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. அந்த வரி 'ஜும்ஆ நேரம்' என்ற பெயரோடு திரும்பி வந்தது. கருவி ஒரு புள்ளி ஏற்றியது, நான் அதைத் தொடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, செய்தி அங்கே எட்டியிருக்காது என்று நம்பி, கட்டுகஸ்தோட்டையில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் வாப்பா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார். என் முகத்தைப் பார்த்துச் சுத்தமான செந்தமிழில் சொன்னார்:

"அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடையில் சீனி குறைந்துவிட்டது."

உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளைத்தான் கட்டினேன். இன்றும் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கு இனிப்புப் போதாவிட்டால் யாரும் சீனி கேட்பதில்லை. சலாம்தான் சொல்கிறார்கள்.